முப்பத்தாறு அங்குலம்

ஜனவரி 11

என் சுண்டுவுக்கு,

இங்கே அத்தானும் நானும் சுகம். அங்கே நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இடது கை கொஞ்சமாவது பிடி கொடுக்கிறதா? மாத்திரையைப் போடுகிறாரா, இல்லை, இன்னமும் தலையணைக்கு அடியில்தான் ஒளிக்கிறாரா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் ஒருத்தி அழுகிறாள், இன்னொருத்தி போனை வைக்கிறாள். அம்மா போனதிலிருந்து ஒன்றரை வருஷமாக இதே கதை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய படத்தில் சமையலறையைப் பார்த்தேன். மேடைக் கல் நடுவே விரிசல் ஓடுகிறது. கீழே ஒரு அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. நாம் பள்ளிக்கூடம் போன காலத்துக் கல் அது. இனியும் ஒட்டுப்போட வேண்டாம். மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டிவிடலாம். செலவு என்னுடையது, அதில் நீ வாய் திறக்கக் கூடாது.

என்ன கல் போடுவது என்பதை நீயே முடிவு செய். கிரானைட்டோ மார்பிளோ குவார்ட்ஸோ, உனக்குப் பிடித்தது எதுவோ அது. அங்கே நிற்கப் போவது நீதானே.

அப்பாவுக்கு ஒரு முத்தம். வெட்கப்படுவார், ஆனாலும் கொடு.

உன் நெட்டைக்கொக்கு


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன்னுடைய, அத்தானுடைய உடம்பைப் பற்றி எழுது. முத்தத்தைக் கொடுத்தேன். "மீசையில குத்தலையா?" என்று கேட்டார். மாத்திரையை இப்போது தலையணைக்கு அடியில் ஒளிப்பதில்லை. செருப்புக்குள் ஒளிக்கிறார்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதனால் காய் நறுக்கும் வேலை அவருடையது. மேடையின் ஜன்னல் பக்க மூலையில் அவருக்கு ஒரு ஸ்டூல். இடது கையால் காயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் நறுக்குகிறார். காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, "ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்" என்று ஹாலில் சொல்லிவிட்டுத்தான் சமையலறைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒரு ஞாயிறு வந்து நறுக்கிவிட்டு ஓவர்டைம் என்றார். அம்மா குட்டை என்பதால் அந்த மேடையை முப்பது அங்குலத்தில் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்தபடியே அவருக்குக் கை எட்டுகிறது. எதை இடித்தாலும் அந்த மூலை அப்படியே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது.

கல்லைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். கடையில் நாலு சாம்பிள் துண்டுகள் வாங்கி வந்து, எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பாட்டில்களுக்கு ஒட்டுவது போலவே லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். கல்லுக்கு இன்டர்வியூ நடக்கிறது என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

"அங்கே நிற்கப் போவது நீதானே" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அம்மாவின் காரியத்தன்று ஹாலில் எல்லார் முன்னாலும், "இனிமே இது உன் வீடு, யாரும் உன்னைக் கிளப்ப மாட்டாங்க" என்று சொன்னாயே, அதை மறுபடி எழுத்தில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. முப்பத்துமூன்று வயதில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு வீடுதான். கேட்டு வாங்கும் தைரியம் எனக்கு இல்லை. நீயாகவே எழுதியதில் சந்தோஷம்.

உன் சுண்டு


பிப்ரவரி 20

சுண்டு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? உன் கடிதத்தை அவசரத்தில் படித்தேன், இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது.

கல்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? எதுவானாலும் எனக்குச் சரி. ஒன்றே ஒன்று மட்டும் கவனி. மேடையின் உயரம் முப்பத்தாறு அங்குலம் இருக்கட்டும், முழு நீளத்துக்கும். இப்போது எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். மேஸ்திரியிடம் எழுதியே கொடுத்துவிடு. இவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டுவார்கள்.

அவசரமாக முடிக்கிறேன்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்கா,

இங்கே இருவரும் சுகம். அத்தானைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஊரில் இல்லையா? நான் கேட்டதாகச் சொல்.

இன்டர்வியூ முடிவுகள். ஒவ்வொரு கல்லிலும் எலுமிச்சைச் சாறு, எண்ணெய், டீ, கொதிக்கும் பாத்திரம் நான்கையும் வைத்துப் பார்த்தேன். வெள்ளை மார்பிள் பார்க்க ராணி. எலுமிச்சை பட்ட இடத்தில் பளபளப்பு செத்து ஒரு வட்டம் விழுந்தது. கறையாக இருந்தால் துடைத்துவிடலாம். இது அரிப்பு, கல்லே கரைந்துவிடுகிறது, போகவே போகாது. சமைக்கிறவள் வீட்டுக்கு ஆகாது. குவார்ட்ஸில் கொதிபாத்திரம் வைத்த இடம் வெளுத்தது, அதில் பிசின் கலந்திருக்கிறதாம். வெளிர் கிரானைட் எண்ணெயைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது, மறுநாள்தான் காட்டிக்கொடுத்தது. கறுப்பு கிரானைட் எதற்கும் அசையவில்லை. எங்கள் லேப் மேடையும் அதுதான், இருபது வருஷமாக அமிலத்தோடு குடித்தனம் நடத்துகிறது. கறுப்பு என்று முடிவு செய்திருக்கிறேன். "மருமகன் தேடறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா" என்றார் கல் கடைக்காரர்.

இப்போது உயரம். மேஸ்திரி வந்தார். வயதானவர், டேப்பைவிட விரலை நம்புகிறவர். "யாரும்மா இங்க சமைக்கப் போறது? நீங்கதானே? வந்து நில்லுங்க" என்றார். ஜன்னலுக்கும் பின்கதவுக்கும் நடுவில் சுவரோடு நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழே எட்டு விரல் விட்டுப் பென்சிலால் கோடு போட்டார். இதுதான் அவர் முறை. அதற்கு மேலே கட்டினால் தோள் வலிக்கும், கீழே கட்டினால் இடுப்பு வலிக்கும் என்றார். அளந்தால் சரியாக முப்பது அங்குலம். அம்மா அளவேதான்.

முப்பத்தாறு எனக்கு முழங்கைக்கே வந்துவிடுகிறது அக்கா. கொதிக்கிற குழம்புக்குள் எட்டிப் பார்க்க நான் குதிக்க வேண்டும். அப்பாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். முப்பது என்று சொல்லிவிடட்டுமா?

உன் சுண்டு


ஏப்ரல் 19

சுண்டு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையின் பின்னால் உள்ள புது விலாசத்துக்கு இனி எழுது.

உயரத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். அடியில் பாத்திரம் கழுவும் மெஷின் வைக்க வேண்டும், அதற்கு அந்த உயரம் வேண்டும். அலமாரிகளும் அந்த அளவுக்குத்தான் ரெடிமேடாக வருகின்றன. உனக்கு எட்டாவிட்டால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுகொள். முப்பத்தாறுதான்.

கல் முழுக்க உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

சுகம். சுகம்தானா என்று உன்னைக் கேட்கவும் இப்போது தயக்கமாக இருக்கிறது. நான் கேட்பவற்றில் பாதிக்கு உன்னிடமிருந்து பதில் வருவதில்லை. விலாசம் ஏன் மாறியது?

மெஷினைக் கடையில் அளந்து பார்த்தேன். முப்பத்துநாலு போதும். சின்ன அளவும் விற்கிறார்கள்.

மேஸ்திரியிடம் முப்பத்தாறு என்று எழுதிக் கொடுத்தேன். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். "இது உங்க அளவு இல்லையேம்மா. யாரு சொன்னது?"

"அக்கா."

"அவங்க நல்ல உயரமா?"

"ஆமா."

"அப்போ அவங்க அளவுதான் இது. எப்போ வர்றாங்க?"

உன்னைப் பார்த்தேயிராத மனிதருக்கு ஒரு எண்ணிலிருந்து புரிந்தது, நான்கு மாதமாகக் கடிதம் எழுதுகிற எனக்குப் புரியவில்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு ஜோக் அடிப்பார். அன்றைக்குக் கேரட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லை என்னிடம் விட்டாய். உயரத்தை நீ வைத்துக்கொண்டாய். நேராகவே கேட்கிறேன். அங்கே நிற்கப் போவது யார்?

சுண்டு


ஜூன் 15

சுண்டு,

ஆறு வாரமாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன்.

அத்தானும் நானும் பிரிந்துவிட்டோம். ஜனவரியில் உனக்கு முதல் கடிதம் எழுதியபோதே அவர் வேறு அறையில் இருந்தார். "அத்தானும் நானும் சுகம்" என்று எழுதியது பழக்கதோஷம். மார்ச் கடைசியில் நான் வெளியே வந்தேன். வாடகை அறை, ஒரு மின்சார அடுப்பு, அதை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் வீட்டுக்கு வருகிறேன். நிரந்தரமாக.

அந்த வீட்டில் பதினாறு வருஷம் நான் நின்ற மேடையின் உயரம்தான் முப்பத்தாறு. வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் ஒரு நாள் டேப்பை வைத்து அளந்தேன். சாமான்களில் எது யாருடையது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு எண்ணைப் பட்டியலில் சேர்க்க முடியாது, இதையாவது எடுத்துப் போகலாம் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான்.

நீ கேட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா காரியத்துக்கு வந்தபோதே அப்பா வீட்டை என் பேருக்கு எழுதிவிட்டார். என் நிலைமை அவருக்குத் தெரியும். உன்னிடம் தானே சொல்வதாகச் சொன்னார். இவ்வளவு நாளில் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் உன்னைப் போகச் சொல்லவில்லை. நீயும் இருக்கலாம். மாடி அறை சும்மாதானே இருக்கிறது.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

உனக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். இதை ஒப்புக்காக எழுதவில்லை. ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப் போயிருப்பேன். மேடையையும் முப்பத்துமூன்றில் கட்டியிருக்கலாம். உனக்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், எனக்குக் கொஞ்சம் எம்ப வேண்டியிருக்கும். கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவிடம் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"உனக்கு வேலை இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?" என்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ சமாளிச்சுக்குவே."

பிறகு நறுக்கத் தொடங்கினார். எல்லாத் துண்டுகளும் ஒரே நீளத்தில், எப்போதும் போல. ஏறக்குறைய இரண்டு வருஷம் என் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து இதே மாதிரி நறுக்கியிருக்கிறார்.

"யாரும் உன்னைக் கிளப்ப மாட்டாங்க" என்று நீ ஹாலில் சொன்னது பத்திரம் எழுதும் முன்னாலா, பின்னாலா? பதில் வேண்டாம். "இருக்கலாம்" என்று நீ அனுமதி கொடுத்திருக்கிறாய். பிறந்ததிலிருந்து இருந்த வீட்டில் அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்கிறேன்.

மேஸ்திரியிடம் முப்பத்தாறு என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். கல் என் இஷ்டம் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். கறுப்பை மாற்றிவிட்டேன். வெள்ளை மார்பிள்.

சுண்டு


ஜூலை 14

சுண்டு,

கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் உன்னை வெளியே தள்ளுகிற மாதிரி எழுதாதே. எனக்குப் போக வேறு இடம் இல்லை என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

மார்பிள் என்று படித்ததும் கண் கலங்கியது. இவ்வளவு கோபத்திலும் எனக்கு வெள்ளை பிடிக்கும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதே.

ஆகஸ்ட் 10 வருகிறேன். நேரில் பேசலாம்.

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

இது உன் கைக்குத் தபாலில் வராது, மேடைமேல் சாவிக்கு அடியில் இருக்கும். அப்பாவுக்கு இரண்டு நாளைக்குப் பக்கத்து வீட்டு அம்மா சாப்பாடு கொடுப்பார்.

மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. கிளைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, கூடவே ஒரு குவார்ட்டர்ஸ். மாத்திரைகள் காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பாவில் இருக்கின்றன. செருப்பை உதறிப் பார். கேஸ் ஆள் வியாழக்கிழமை வருவான். அடுப்புப் பக்கத்துக் குழாய் இடதுபுறம் திருப்பினால்தான் மூடும், பிளம்பர் மாற்றி வைத்துவிட்டான்.

சமையலறை முடிந்தது. மேஸ்திரி கடைசியாக ரசமட்டம் வைத்துக் காட்டினார், ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லை. "நல்ல வேலைம்மா, ஆனா உங்களுக்கு இல்லை" என்றார். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற மனுஷர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டு


அக்டோபர் 21

அன்புள்ள சுண்டு,

நலமா? புது இடம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் ஒத்துக்கொள்கிறதா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இது மூன்றாவது. சண்டை போடவில்லை, உதவி கேட்டு எழுதுகிறேன்.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். எங்கேப்பா கிளம்பிட்டீங்க என்று கேட்டால், "எங்கேயும் இல்லை. ரெண்டாவது தடவையும் ரிட்டயர் ஆயிட்டேன்" என்கிறார். எனக்குப் புரியவில்லை. புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது. டாக்டர் இடது கையைப் பார்த்துவிட்டு, பிடி முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது, பயிற்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று என்னைக் கேட்டார். என்ன பயிற்சி என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை. சமையலறைக்குள் வரவே மாட்டேன் என்கிறார். ஒரு நாள் வாசல்வரை வந்தார், மேடையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

மேடை எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மார்பிளில் எலுமிச்சை பிழிந்த இடத்தில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது. சோடா, சோப்பு, எல்லாம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. உங்கள் லேபில் இதற்கு ஏதாவது மருந்து இருக்குமே? எழுது. அப்பாவைப் பற்றியும் எழுது.

உன் அக்கா


நவம்பர் 9

அக்காவுக்கு,

நலம்.

வட்டம் போகாது. மார்ச் 6 கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. ஜனவரி 29 கடிதத்தை எடு. கிழித்திருக்க மாட்டாய், நீ வந்த கடிதத்தைக் கிழிக்கிறவள் இல்லை, படிக்காமல் வைக்கிறவள். இரண்டாவது பத்தி. ரிட்டயர் ஆவதற்கு முன் அவர் எந்த ஆபீஸில் வேலை பார்த்தார், பயிற்சி என்ன, எல்லாம் அதில் இருக்கிறது.

உயரமான ஸ்டூல் வாங்கிவிடாதே. கால் தரையில் படாவிட்டால் பயப்படுவார்.

பின்கதவுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய மேடைக் கல்லில் ஒரு மூன்றடித் துண்டு சாய்த்து வைத்திருக்கிறது. விரிசல் இல்லாத பக்கம். மேஸ்திரி தூக்கிப் போகப் பார்த்தபோது விடவில்லை. அவரைக் கூப்பிட்டு, ஜன்னலுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இரண்டு செங்கல் தூண் கட்டி அதன்மேல் அந்தக் கல்லைப் போடச் சொல். அரை நாள் வேலை.

போகும் முன் நானே இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அப்பா கேட்பாரா என்று ஜூலை முழுக்கப் பார்த்தேன். மேடை உயர உயர, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கேட்கவில்லை. நீ கவனிப்பாயா என்று அதற்குப் பிறகு மூன்று மாதம் பார்த்தேன். அந்தக் கை தளர்ந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

இங்கே குவார்ட்டர்ஸில் மேடை முப்பத்துநாலு அங்குலம். பலகை போட்டு நிற்கிறேன். சமாளித்துக்கொள்கிறேன், அப்பாவிடம் சொல்.

தூணுக்கு அளவு நீ எழுதித் தர வேண்டாம். பெயின்ட் அடித்தவனிடம் சொல்லி அந்தச் சுவரில் ஒரு கையகல இடத்தைப் பூசாமல் விட்டிருக்கிறேன். அதில் பென்சில் கோடு இருக்கிறது. அதன் மட்டத்துக்குக் கட்டினால் அப்பாவுக்கு எட்டும்.

அது என்னை நிற்க வைத்துப் போட்ட கோடு. கல் வைத்து முடித்ததும் அந்த இடத்துக்கும் பெயின்ட் அடித்துவிடு.

சுண்டு